எந்தப் பொட்டு என்று நான் கேட்கவில்லை

வணக்கம் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு என்றால் தைரியம் வராது. ஆயுத பூசையன்று மாலை நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். 'எந்த?' என்ற சொல். அதை நான் சொல்லியிருந்தால், இந்த மண்டபத்தில் இன்று இந்தக் கூட்டம் நடந்திருக்காது.

அது என்ன என்பதை இனிச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

மேடையில் வீற்றிருக்கும் கோவில் தலைவர் சாம்பசிவம் ஐயா அவர்களே, நான்கு சக்கர நண்பர்கள் குழுவின் தலைவர் காளிதாஸ் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், ஹேமநாதன் அண்ணனின் துணைவியார் யோகேஸ்வரி அக்கா அவர்களே, சிம்பாங் ரெங்கத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, நண்பர்களே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம். உள்ளே வராமல், வாசலில் செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றுகொண்டிருக்கும் மனோகரன் அண்ணனுக்கும் என் வணக்கம்.

என் பெயர் லோஷினி. செனாயில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலை செய்கிறேன். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேமநாதன் அண்ணனின் பட்டறையில் இருந்தேன். மேடையில் பேசிப் பழக்கமில்லாததால் எழுதிக் கொண்டுவந்து படிக்கிறேன்.

பட்டறைக்காரர் ஹேமநாதன் இறந்து பதினொரு நாள் ஆகிறது. நாற்பத்து மூன்று வயது. உங்களால் நம்ப முடிகிறதா? எனக்கு முடியவில்லை. நேற்றுகூட ஒரு ஸ்பேனர் அளவு கேட்க அவருடைய எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடித்தது. யோகேஸ்வரி அக்காவின் கைப்பையில் அடித்திருக்கும். அக்கா, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர் கையால் செய்த வண்டியைப் பார்க்காதவர் இங்கே யார்? இரும்புக் குழாய்களை வளைத்து, பழைய கன்சில் காரின் இஞ்சினைப் பின்னால் வைத்து, கதவும் கூரையும் இல்லாமல் அவர் கட்டிய அந்த 'பக்கி' வண்டியை முதலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். காளிதாஸ் அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். "சிரிங்க லா, சிரிங்க. மழை வரட்டும்" என்றார் அவர்.

மழை வந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய சனவரியில் தோட்டத்துப் பாதை தண்ணீருக்குள் போனதே, நினைவிருக்கிறதா? பழைய லயத்து வீடுகளில் பதினான்கு குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. அங்கே இருந்தவர் பேச்சியம்மாள் அம்மா. வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டியவர். அதோ, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் தார்ச்சாலையோடு நின்றுவிட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே போனார் ஹேமநாதன் அண்ணன்.

பேச்சியம்மாள் அம்மா ஏற மறுத்தாராம். "தம்பி, இது வண்டியா, கோழிக்கூடா?"

"கூடுதான்மா. ஆனா கோழிக்கு நீச்சல் தெரியாது. இதுக்குத் தெரியும். ஏறுங்க."

அந்த வாரம் மூன்று முறை கூட்டிப்போனார், மூன்று முறை கூட்டிவந்தார். யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. யாராவது நன்றி விழா எடுத்தார்களா? எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவர் வந்திருக்கமாட்டார். அப்படிப்பட்டவர்!

இந்த வருடச் சனவரியில் மறுபடியும் தண்ணீர். மறுபடியும் பேச்சியம்மாள் அம்மா. இந்தத் தடவை பாதி வழியில் இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் ஹேமநாதன் அண்ணனும் பட்டறை வெல்டர் மனோகரன் அண்ணனும் முந்நூறு மீட்டர் தள்ளிக்கொண்டே வந்தார்கள். மேலே உட்கார்ந்தபடி அம்மா, "நான் வேணா இறங்கித் தள்ளவாய்யா?" என்று கேட்டதை மனோகரன் அண்ணன் எங்களுக்கு நடித்தே காட்டுவார். ஹேமநாதன் அண்ணன் மட்டும் அதற்குச் சிரித்ததில்லை. மறுநாள் காலை கிரைண்டரை எடுத்து வண்டியின் பின்பாதியை அறுத்துப் போட்டார். "அடுத்த மழைக்குள்ள இது மறுபடி பொறக்கணும்" என்றார்.

அப்படித்தான் அந்த வேலை தொடங்கியது. பழைய இஞ்சின் போய் மைவி காரின் இஞ்சின் வந்தது. காற்று இழுக்கும் குழாய் ஓட்டுநரின் தலைக்கு மேல் உயர்ந்தது. பின்னால் ஒருவர் படுத்துக்கொண்டு வர ஒரு பலகை. சக்கரங்களைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆர்ம்கள் நான்கு அங்குலம் நீண்டன. புதிதாக இருபத்தேழு மூட்டுகள். வெல்டிங் முழுக்க மனோகரன் அண்ணன்.

அந்த மூட்டுகளைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

வெல்டு போடுகிறவர் எடுத்தவுடன் முழுதாகப் போடுவதில்லை. முதலில் நான்கு இடத்தில் புள்ளி வைத்து நிறுத்துவார். டேக் என்பார்கள். தையற்காரர் முதலில் ஓட்டுத்தையல் போட்டு அளவு பார்ப்பதில்லையா, அது மாதிரி. அளவு சரியாக இருந்தால் பிறகு சுற்றிவர முழு வெல்டு. பார்வைக்கு டேக் வைத்த மூட்டும் கெட்டியாகத்தான் நிற்கும். கையால் ஆட்டினால் ஆடாது.

"ஏய் இன்ஸ்பெக்டர், இங்க உன் ஃபேக்டரி சட்டம்லாம் வேணாம். ஆட்டிப் பாரு. ஆடலன்னா பாஸ்" என்பார் ஹேமநாதன் அண்ணன்.

"அண்ணே, ஆடாம நிக்கிறதும் தாங்கி நிக்கிறதும் ஒண்ணு இல்ல."

"அலமாக்! மனோ, கேட்டியா? வசனம் பேசுது பாரு."

ஆனால் கேட்டுக்கொண்டார். எங்கள் தொழிற்சாலையில் சரிபார்த்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்போம். அதையே பட்டறைக்குக் கொண்டுவந்தேன். முழு வெல்டு போட்டு, நான் விளக்கடித்துப் பார்த்து, திருப்தியானால் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி இல்லாத மூட்டோடு வண்டி நகரக்கூடாது. முதல் புள்ளியை வைத்த அன்று மனோகரன் அண்ணன் தள்ளி நின்று பார்த்தார். "பொட்டு வச்சிட்ட. பூ எப்ப வைக்கப் போற? இது வண்டியா, கல்யாணப் பொண்ணா?"

அன்றிலிருந்து பட்டறையில் அதற்குப் பெயர் பொட்டு. "பொட்டு வச்சாச்சா?" "இல்லண்ணே." "வச்சாச்சா?" "வச்சாச்சு, நகத்துங்க." எட்டு மாதமாக இதே கேள்வி, இதே பதில். இருபத்தேழு மூட்டுகளில் இருபத்தாறுக்குப் பொட்டு விழுந்துவிட்டது.

பூசைக்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை மாலை, இருபத்தேழாவது மூட்டு. இடது பின்சக்கரத்தின் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடம். ஹேமநாதன் அண்ணன் சாமான் வாங்க ஜோகூர் பாரு போயிருந்தார். வேலை முடிந்து நான் பட்டறை வழியாக வந்தேன். மனோகரன் அண்ணன் டேக் வைத்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லோஷினி, இது டேக்குதான். நாளைக்கு மெர்சிங்ல தங்கச்சி வீட்டு விசேஷம். பூசை முடிஞ்சு மறுநாள் வந்து முழுசா போடுறேன். அண்ணன்ட்ட சொல்லிடு."

"சரிண்ணே."

என் வாய்ச்சொல்லை மட்டும் அவர் நம்பவில்லை. சாக்பீஸ் எடுத்து அந்த ஆர்மின் மேலேயே பெரிதாக எழுதினார். 'பெலும்.' இன்னும் இல்லை என்று மலாயில் எழுதினால் யார் வந்தாலும் படிப்பார்கள் என்றார். நான் வழக்கம்போல அந்த மூட்டைப் படம் எடுத்துக்கொண்டேன்.

பெரியவர்களே, இந்தப் பதினொரு நாளாக ஊர் என்ன பேசுகிறது? வெல்டர் ஏமாற்றிவிட்டார் என்று பேசுகிறது. நான்கு புள்ளி வைத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்று பேசுகிறது. "சாக்பீஸ்ல எழுதி வச்சேன்" என்று அவர் சொன்னபோது, எழுத்து எங்கே என்று கேட்டார்கள். வண்டியில் எழுத்து இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். என்னிடம் சொல்லிவிட்டுப் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

எழுத்து எங்கே போயிற்று? நான் கழுவினேன்.

பூசையன்று மதியம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். பூசைக்கு முன் எல்லாவற்றையும் கழுவவேண்டும் அல்லவா? யோகேஸ்வரி அக்கா கருவிகளைக் கழுவினார். நான் ரப்பர் குழாயைப் பிடித்து வண்டியைக் கழுவினேன். 'பெலும்' என்ற எழுத்தைப் பார்த்தேன். பார்த்தேன்! இன்று யார் ஓட்டப்போகிறார்கள், கருவியையே தொடக்கூடாத நாள், நாளைக்கு மனோகரன் அண்ணன் வந்துவிடுவார் என்று நினைத்தேன். சாமிக்கு முன்னால் வண்டி சுத்தமாக இருக்கட்டும் என்று துணியால் துடைத்தேன். ஹேமநாதன் அண்ணனிடம் டேக் விஷயத்தைச் சொல்லவும் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மாலை ஐந்து மணி. சுத்தியலும் ஸ்பேனரும் கிரைண்டரும் சாமிப் படத்துக்கு முன் வரிசையாக இருந்தன. புதிதாக வாங்கிய சீட் பெல்ட்டும் இருந்தது, உறைகூடப் பிரிக்காமல். சந்தனமும் குங்குமமும் என் கையில். கருவிகளுக்கு வைத்தேன். வண்டிக்கு வைத்தேன். ஸ்டீயரிங்கில், இஞ்சினில், நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் ஒவ்வொன்று. அந்த இடது பின்ஆர்மிலும் வைத்தேன்.

ஹேமநாதன் அண்ணன் வெளியே குனிந்து சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"லோஷ், பொட்டு வச்சாச்சா?"

என் விரலில் குங்குமம் இருந்தது.

"வச்சாச்சுண்ணே!"

அவ்வளவுதான். அவர் ஒரு பொட்டைக் கேட்டார். நான் இன்னொரு பொட்டைச் சொன்னேன். எந்தப் பொட்டு என்று நான் கேட்கவில்லை. எட்டு மாதமாக அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். அந்த ஒரு நாள் மட்டும் இரண்டு அர்த்தம். அதை நான் உணரவில்லை. அவர் நம்பினார். என் பதிலை நம்பாமல் இருக்க அவருக்கு என்ன காரணம்? குனிந்து பார்த்திருந்தாலும் சிவப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

யோகேஸ்வரி அக்கா கற்பூரத் தட்டைக் காட்டினார். வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு இறங்கியது. புது இஞ்சின் முதல் தடவையாக வெளியே வருகிறது. அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள்!

"பெல்ட் போடலயா?" என்றார் அக்கா.

"பூசையில வச்சத எடுக்கக் கூடாது லா. இன்னிக்கு சாமி போட்டுக்கட்டும், நாளைக்கு நான் போட்டுக்கிறேன். மூலை வரைக்கும் ஒரு ரவுண்டு, தாப்பா, ஒண்ணும் ஆகாது."

மூலை வரை போனார். மூலையைத் தாண்டிச் செம்பனை மரங்களுக்கு நடுவே இறங்கும் செம்மண் சரிவில் திரும்பினார். இஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு சத்தம். பிறகு எதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். தட்டில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு மனிதர் இல்லாமல் போக அவ்வளவு நேரம் போதுமா? கற்பூரம் அணைவதற்குள்ளா? இதைத்தான் நான் பதினொரு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கக் கேட்க அது எனக்குப் புரியாமல்தான் போகிறது.

வண்டியின் குழாய்க் கூண்டு நசுங்கவில்லை; பெல்ட் இல்லாத அவர்தான் வெளியே வீசப்பட்டார். மனோகரன் அண்ணன் போட்ட இருபத்தாறு மூட்டுகளில் ஒன்றுகூட விடவில்லை. இதை எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று தடவை உருண்ட வண்டியில் இருபத்தாறு மூட்டும் அப்படியே நின்றன. விட்டது ஒன்று. அது முடியவில்லை என்று அவர் சொல்லியிருந்தார். எழுதியும் வைத்திருந்தார்.

காளிதாஸ் அண்ணே, நீங்கள் குழுவில் அனுப்பிய குரல்பதிவை நானும் கேட்டேன். "வெல்டு போட்டவன நிறுத்திக் கேளுங்க" என்று சொன்னீர்கள். நான் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. உடைந்த இடத்தில் கண்டதை வைத்து நீங்கள் பேசினீர்கள். மீதியைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சாவு வீட்டில் உங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பயந்தேன். அதற்கு வேறு பெயர் இல்லை.

நேற்று போலீஸ் நிலையம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை எடுத்த படத்தையும் கொடுத்திருக்கிறேன். அதில் அந்த எழுத்து தெளிவாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் என் கைப்பேசியில் பார்க்கலாம்.

யோகேஸ்வரி அக்கா, இதை உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்கவேண்டும். மூன்று தடவை உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். மூன்று தடவையும், "வா லோஷினி, சாப்பிட்டியா?" என்று கேட்டீர்கள். சொல்ல முடியவில்லை. மனோகரன் அண்ணனைப் பழித்தது ஊர் முன்னால். அதனால் ஊர் முன்னாலேயே சொல்கிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

இப்படிப்பட்ட கூட்டங்களில், மறைந்தவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பார்கள். எனக்கு அந்த உறுதியைச் சொல்ல உரிமை உண்டா? வண்டி இப்போது போலீஸ் நிலையத்து முற்றத்தில் கிடக்கிறது. அது திரும்பி வந்தால் அதை என்ன செய்வது என்பது யோகேஸ்வரி அக்காவின் முடிவு. உடைத்துப் போடச் சொன்னால் உடைக்கப்படும். கட்டச் சொன்னால், தோட்டத்துப் பாதையில் மறுபடி தண்ணீர் ஏறும்போது பேச்சியம்மாள் அம்மா அதில் போகவேண்டும் என்று சொன்னால், வெல்டு போடத் தெரிந்தவர் ஒருவர் வாசலில் நிற்கிறார். இந்த ஊரில் அவரைவிடச் சுத்தமாக வெல்டு போடுகிறவர் யாரும் இல்லை. இருபத்தாறு மூட்டுகளையும் விளக்கடித்துப் பார்த்தவள் சொல்கிறேன்.

என்னால் சொல்ல முடிந்த உறுதி இது. என்னைக் கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் அதுவும் நியாயம். பட்டறையில் இனி யாராவது பொட்டு வச்சாச்சா என்று கேட்டால், எந்தப் பொட்டு என்று கேளுங்கள். அவர் கோபப்பட்டாலும் கேளுங்கள். சாமி காரியம் நடக்கும்போதும் கேளுங்கள்.

ஹேமநாதன் அண்ணே, பொட்டு வைக்கவில்லை அண்ணே. இன்னும் வைக்கவில்லை.

வணக்கம்.

*

மேலே இருப்பது ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் நான் படித்தது.

நான் மேடையிலிருந்து இறங்கினேன். யோகேஸ்வரி அக்கா எழுந்து என்னைக் கடந்து வாசலுக்குப் போனார். "உள்ள வந்து உக்காருங்கண்ணே" என்று மனோகரன் அண்ணனிடம் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. அவர் வரவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்வரிசையில், தன் நாற்காலியில் உட்காரவைத்தார். காளிதாஸ் அண்ணன் மேடையிலிருந்து இறங்கிவந்து அவர் முன்னால் நின்றார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

வண்டியைக் கட்டச் சொல்லி அக்கா கொடுத்த பட்டறைச் சாவி இப்போது மனோகரன் அண்ணனிடம் இருக்கிறது. நவம்பர் பதினேழாம் தேதி வண்டி திரும்பி வந்தது. மறுநாள் அவர் அந்த மூட்டுக்கு முழு வெல்டு போட்டார். வந்து பார் என்று செய்தி அனுப்பினார். போய் விளக்கடித்துப் பார்த்து, சிவப்புப் புள்ளி வைத்தேன். டிசம்பர் ஆறாம் தேதி தோட்டத்துப் பாதையில் தண்ணீர் ஏறியது. மனோகரன் அண்ணன் பேச்சியம்மாள் அம்மாவை அந்த வண்டியில் கூட்டிப்போய், கூட்டிவந்தார்.

யோகேஸ்வரி அக்கா இன்றுவரை என்னிடம் பேசவில்லை.